நகல் வாசனைத் திரவியம்

நகல் வாசனைத் திரவியம் என்பது, ஏற்கெனவே புகழ்பெற்ற ஒரு வாசனைத் திரவியத்தின் மணத்தைக் கூடியமட்டும் ஒத்திருக்கும்படி, வேறொரு நிறுவனத்தால் வேறு பெயரில் தயாரிக்கப்பட்டுக் குறைந்த விலைக்கு விற்கப்படும் மணக்கலவை ஆகும். எதன் மணம் பின்பற்றப்படுகிறதோ அது மூலத் திரவியம் எனப்படும். பேச்சு வழக்கில் இது "காப்பி சென்ட்" என்றும், அண்மைக் காலத்தில் "டூப்" என்றும் அழைக்கப்படுகிறது. நகலின் விலை பெரும்பாலும் மூலத்தின் விலையில் சிறு பங்கே ஆகும். அவ்விரண்டும் எந்த அளவு ஒத்துள்ளன, எங்கு வேறுபடுகின்றன, அவ்வேறுபாடு விலை வேறுபாட்டுக்கு ஈடானதா என்பவை நுகர்வோர், மணக்கலவை வல்லுநர், சட்ட அறிஞர் ஆகிய மூன்று தரப்பாராலும் விவாதிக்கப்படுபவை.

போலியும் நகலும்

போலித் திரவியம், நகல் திரவியம் ஆகிய இரண்டும் ஒன்றல்ல. மூல நிறுவனத்தின் பெயர், வணிகக் குறி, குப்பி, பெட்டி ஆகியவற்றை அப்படியே இட்டு, வாங்குபவரை ஏமாற்றும் நோக்குடன் விற்கப்படுவது போலி. இது பெரும்பாலான நாடுகளில் குற்றமாகக் கருதப்படுகிறது. நகல் திரவியம் தன் சொந்தப் பெயரிலும் சொந்தக் குப்பியிலும் விற்கப்படுகிறது. அதன் தயாரிப்பாளர் யார் என்பது பெட்டியிலேயே குறிக்கப்பட்டிருக்கும். வாங்குபவரும் தாம் வாங்குவது மூலம் அன்று என்பதை அறிந்தே வாங்குகிறார்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வகையும் உண்டு. அத்தர் கடைகளில் பெரிய புட்டியிலிருந்து சிறு குப்பிகளில் அளந்து ஊற்றித் தரப்படும் எண்ணெய்கள் பல, புகழ்பெற்ற மேலைநாட்டுத் திரவியங்களின் பெயரைச் சொல்லியே விற்கப்படுகின்றன. இவற்றில் தயாரிப்பாளர் பெயரோ உட்கூறுகளின் பட்டியலோ பெரும்பாலும் இருப்பதில்லை.

வரலாறு

மணத்தைப் போலச் செய்வது புதிய வழக்கம் அன்று. 19 ஆம் நூற்றாண்டில் காசுமீரச் சால்வைகள் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டபோது, பூச்சி அரிக்காமல் இருக்க அவற்றின் இடையே பச்சோலி இலைகள் வைக்கப்பட்டன. பச்சோலி என்னும் சொல்லே தமிழிலிருந்து ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்றதாகும். நாளடைவில் அம்மணமே அசல் சால்வையின் அடையாளமாக மக்கள் மனத்தில் பதிந்தது. அதே பூவேலைப்பாட்டுடன் ஐரோப்பாவில் நெய்யப்பட்ட சால்வைகளுக்கும் பின்னர் பச்சோலி மணம் ஏற்றப்பட்டது. இவ்வாறு மணமே அசலுக்குச் சான்றாகவும், அச்சான்றே படியெடுக்கப்படும் பொருளாகவும் ஆயிற்று.

தற்கால மணக்கலவைத் துறையும் ஒருவர் ஆக்கத்தை மற்றவர் பின்தொடர்ந்ததால் வளர்ந்ததே ஆகும். 1868 ஆம் ஆண்டில் வில்லியம் பெர்க்கின் கூமரின் என்னும் சேர்மத்தைச் செயற்கையாகத் தயாரித்தார். 1882 ஆம் ஆண்டில் ஊபிகான் நிறுவனம் கூமரினைக் கொண்டு வெளியிட்ட ஃபூஜேர் ரோயால், ஃபூஜேர் என்னும் ஒரு மணக்குடும்பத்துக்கே பெயர் தந்தது. பிரான்சுவா கோட்டி 1917 இல் வெளியிட்ட ஷீப்ர் என்னும் திரவியத்தின் அமைப்பைப் பின்பற்றி, அதனுடன் பீச் பழ மணத்தைச் சேர்த்து, கெர்லேன் நிறுவனம் 1919 இல் மித்சூக்கோவை வெளியிட்டது. மித்சூக்கோ இன்று ஒரு தனிப் படைப்பாகவே மதிக்கப்படுகிறது. ஆகவே மரபைத் தொடர்வதற்கும் நகலெடுப்பதற்கும் இடையிலான எல்லைக்கோடு தெளிவானதன்று.

விலை குறைந்த நகல்களை வெளிப்படையாக விற்கும் வணிகம் அமெரிக்காவில் 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெருகியது. 1981 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பர்ஃபூம் டி கேர் நிறுவனம், "இன்ன திரவியம் உங்களுக்குப் பிடிக்குமானால் இதுவும் பிடிக்கும்" என்ற பொருள்பட விளம்பரம் செய்து, மருந்துக் கடைகளிலும் பேரங்காடிகளிலும் தன் பொருள்களை விற்றது. 21 ஆம் நூற்றாண்டில் இவ்வணிகத்தின் முதன்மை இடங்களுள் ஒன்றாக ஐக்கிய அரபு அமீரகம் உருவெடுத்தது. அர்மாஃப், லத்தாஃபா, அஃப்னான் முதலிய வணிகப் பெயர்கள் அங்கிருந்து உலகெங்கும் பரவின. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் தமிழர்கள் ஊர் திரும்பும்போது கொண்டுவரும் பொருள்களில் இத்தகைய திரவியங்களும் அடங்கும்.

படியெடுக்கும் முறை

ஒரு வாசனைத் திரவியம் பெரும்பாலும் எத்தனாலில் கரைக்கப்பட்ட பல மணச் சேர்மங்களின் கலவை ஆகும். ஓ டி பர்ஃபூம் எனப்படும் வகையில் மணப்பொருளின் அளவு பொதுவாக 15 முதல் 20 விழுக்காடு வரையும், ஓ டி துவாலெட் வகையில் அதனிலும் குறைவாகவும் இருக்கும். நகலெடுப்போர் முதலில் இக்கலவையில் உள்ளவை எவை என்பதைக் கண்டறிய வேண்டும்.

இதற்குப் பயன்படும் முதன்மைக் கருவி வளிம வண்ணப்பிரிகைக் கருவி ஆகும். இம்முறையை 1952 ஆம் ஆண்டில் ஏ. டி. ஜேம்ஸ், ஆர்ச்சர் மார்ட்டின் ஆகியோர் வெளியிட்டனர். திரவியத்தின் மிகச் சிறு துளி சூடேற்றப்பட்டு ஆவியாக்கப்பட்டு, நீண்ட நுண்குழாய் ஒன்றின் வழியே வளிம ஓட்டத்தில் செலுத்தப்படுகிறது. குழாயின் உட்பூச்சுடன் ஒவ்வொரு சேர்மமும் வெவ்வேறு அளவில் ஒட்டிப் பிரிவதால், அவை ஒன்றன்பின் ஒன்றாக வெளிவருகின்றன. வெளிவரும் சேர்மம் எது என்பதை, இணைக்கப்பட்டுள்ள நிறை நிறமாலைமானி கண்டறிகிறது. வரைபடத்தில் தோன்றும் ஒவ்வொரு முகட்டின் பரப்பும் அச்சேர்மத்தின் அளவை ஏறக்குறைய உணர்த்தும்.

இவ்வாறு கிடைக்கும் பட்டியலைக் கொண்டு மணக்கலவை வல்லுநர் ஒருவர் முதல் கலவையை உருவாக்குகிறார். பின்னர் அதை மூலத்துடன் மாறி மாறி முகர்ந்து, குறைகளைத் தம் மூக்கின் துணையால் திருத்துகிறார். கருவி தரும் பட்டியலால் மட்டும் ஒரு நல்ல நகல் உருவாவதில்லை.

மூலத்தில் உள்ள பல செயற்கைச் சேர்மங்களின் காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டமையும் நகலெடுப்பை எளிதாக்கியது. எடுத்துக்காட்டாக, மல்லிகை மணத்தைப் பற்றிய ஆய்வின் விளைவாக ஃபிர்மெனிஷ் நிறுவனம் உருவாக்கிய ஹெடியோன், 1966 இல் வெளிவந்த ஓ சோவாஜ் என்னும் திரவியத்தால் புகழ்பெற்றது. இன்று அதே சேர்மத்தைப் பல நிறுவனங்கள் தயாரித்து மலிவாக விற்கின்றன.

வேறுபாடு தோன்றும் இடங்கள்

வண்ணப்பிரிகைக் கருவியால் எல்லாவற்றையும் கண்டறிய இயலாது. மூலத்துக்கும் நகலுக்கும் இடையிலான வேறுபாடு பெரும்பாலும் பின்வரும் காரணங்களால் எழுகிறது.

இயற்கைச் சாறுகள்: மல்லிகை, ரோசா போன்றவற்றின் சாறுகள் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கான சேர்மங்கள் உள்ளன. ஒரு கிலோ ரோசா எண்ணெய்க்கு ஏறத்தாழ 3000 முதல் 5000 கிலோ வரையிலான பூக்களும், ஒரு கிலோ மல்லிகைத் தூயசாற்றுக்கு ஏறத்தாழ 600 முதல் 1000 கிலோ வரையிலான பூக்களும் தேவைப்படும். தமிழ்நாட்டில் விளையும் குண்டுமல்லியும் சாதிமல்லியும் இவ்வாறு சாறெடுக்கப்பட்டு வெளிநாட்டுத் திரவிய நிறுவனங்களுக்கு ஏற்றுமதியாகின்றன. மலிவான நகலில் மல்லிகைச் சாற்றுக்குப் பதிலாகப் பென்சைல் அசிட்டேட்டு, ஹெடியோன், சிறிதளவு இந்தோல் ஆகியவை சேர்க்கப்படுவதுண்டு. இக்கலவை மல்லிகையை நினைவூட்டும். ஆனால் பூச்சாற்றின் செறிவும் நேரத்துக்கு நேரம் மாறும் தன்மையும் அதில் குறைவாகவே இருக்கும்.

நுண்ணளவுச் சேர்மங்கள்: ஒரு சேர்மத்தின் அளவும் அதன் மணவலிமையும் நேர்விகிதத்தில் அமைவதில்லை. ரோசா எண்ணெயில் டமாசினோன் என்னும் சேர்மம் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாகவே உள்ளது. எனினும் ரோசாவின் மணத்துக்கு அதுவே முதன்மைக் காரணங்களுள் ஒன்று. இத்தகைய சிறு முகடுகள் பெரிய முகடுகளின் அடியில் மறைந்து, கவனிக்கப்படாமல் போகலாம்.

ஆடிப் பிம்ப வடிவங்கள்: சில மூலக்கூறுகள் வலக்கை இடக்கை போல ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரு வடிவங்களில் உள்ளன. கார்வோன் என்னும் சேர்மத்தின் ஒரு வடிவம் புதினா வகையொன்றின் மணத்தையும், மற்ற வடிவம் கேரவே விதையின் மணத்தையும் தரும். வழக்கமான நுண்குழாய் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது. அதற்கெனத் தனி உட்பூச்சுக் கொண்ட குழாய் தேவை.

காப்பில் உள்ள சேர்மங்கள்: ஜிவாடன், ஃபிர்மெனிஷ் போன்ற பெரு நிறுவனங்கள், தாம் புதிதாகக் கண்டறியும் சில சேர்மங்களை வெளியாருக்கு விற்காமல் தம் வல்லுநர்களின் பயன்பாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்கின்றன. நகலெடுப்போர் அச்சேர்மத்தை அடையாளம் கண்டாலும் அதை வாங்க இயலாது. மணத்தில் நெருங்கிய வேறொன்றையே சேர்க்க வேண்டியிருக்கும்.

எளிதில் ஆவியாகாப் பொருள்கள்: பிசின்களிலும் மரச்சாறுகளிலும் உள்ள கனமான கூறுகள் சில, கருவியின் குழாயைக் கடந்து வருவதே இல்லை. இவை மற்ற சேர்மங்கள் ஆவியாகும் வேகத்தைக் குறைப்பவை என்பதால், இவற்றின் இன்மை மணத்தின் ஓட்டத்தை மாற்றும்.

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு பொது விதி பெறப்படுகிறது. செயற்கைச் சேர்மங்களை முதன்மையாகக் கொண்ட, எளிய அமைப்புடைய திரவியத்தை நெருக்கமாகப் படியெடுக்கலாம். இயற்கைச் சாறுகளை மிகுதியாகக் கொண்டதைப் படியெடுப்பது கடினம்.

மணத்தின் மூன்று நிலைகள்

திரவியத்தைப் பூசியவுடன் எழுவது மேல் மணம், சற்று நேரத்தின் பின் நிலவுவது நடு மணம், பல மணி நேரம் எஞ்சியிருப்பது அடி மணம் எனப்படும். எலுமிச்சை, பெர்கமொட் போன்றவற்றின் இலகுவான மூலக்கூறுகள் முதலில் ஆவியாகின்றன. கத்தூரி வகைச் சேர்மங்களும் மர மணங்களும் இறுதிவரை நிற்கின்றன.

நகல்கள் மேல் மணத்தில் மிகுதியாகவும் அடி மணத்தில் குறைவாகவும் வேறுபடுவது பொதுவான போக்கு. தென் இத்தாலியின் கலாபிரியப் பகுதியில் விளையும் பெர்கமொட் பழத்தின் எண்ணெய் விலை மிகுந்தது. அதற்குப் பதிலாக லினலைல் அசிட்டேட்டு, லிமோனீன் ஆகியவற்றின் கலவையைச் சேர்த்தால் தொடக்கம் கூர்மையாகவும் வறண்டும் தோன்றும். அடி மணத்துக்கான செயற்கைக் கத்தூரிகளும் அம்பர் வகைச் சேர்மங்களுமோ இரு தரப்பாருக்கும் ஒரே சந்தையில் கிடைப்பவை. எனவே முதல் பத்து நிமிடங்களில் தெளிவாக வேறுபடும் இரு திரவியங்கள், மூன்று மணி நேரத்தின் பின் பிரித்தறிய இயலாதவாறு நெருங்கிவிடக்கூடும்.

எடுத்துக்காட்டு: அவென்டஸும் கிளப் டி நுயி இன்டென்ஸ் மேனும்

அண்மைக் காலத்தில் மிகுதியாக ஒப்பிடப்பட்ட இணைகளுள் ஒன்று, கிரீட் நிறுவனம் 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட அவென்டஸும், அர்மாஃப் 2015 ஆம் ஆண்டில் வெளியிட்ட கிளப் டி நுயி இன்டென்ஸ் மேனும் ஆகும். அர்மாஃப் என்பது அமீரகத்தைச் சேர்ந்த ஸ்டெர்லிங் நிறுவனத்தின் வணிகப் பெயர்.

மேல் மணம்: இரண்டிலும் அன்னாசி, ஆப்பிள், கருந்திராட்சை வகை, பெர்கமொட் ஆகியவை குறிப்பிடப்படுகின்றன. அவென்டஸில் அன்னாசியின் சாறு நிறைந்த மணம் முன்னிற்கிறது. நகலில் எலுமிச்சையே முன்னிற்கிறது. இத்தொடக்கம் உறைப்பாகவும் சில நேரம் துப்புரவுத் திரவத்தை நினைவூட்டுவதாகவும் உள்ளது என்பது பரவலான குறை.

நடு மணம்: இரண்டிலும் பிர்ச் மரத்தின் புகை மணமும் மல்லிகை, ரோசா ஆகியவையும் குறிப்பிடப்படுகின்றன. நகலில் புகை சற்று மிகுதியாக உணரப்படுகிறது.

அடி மணம்: கத்தூரி, அம்பர், வெனிலா ஆகியவற்றை ஒட்டியது. இந்நிலையில் இரண்டும் மிக நெருங்கி வருகின்றன.

நிலைக்கும் நேரம்: நகல் ஓ டி துவாலெட் என்றே குறிக்கப்பட்டிருந்தும், அது மூலத்துக்கு இணையாகவோ அதனினும் நீண்டோ நிலைப்பதாகப் பயனர் பலர் கூறுவர். இது வியப்புக்குரியதன்று. நீடித்து நிற்கும் செயற்கைச் சேர்மங்கள் பல மலிவானவை. ஆகவே நீண்ட நேரம் மணப்பது மட்டுமே உயர்ந்த தரத்துக்குச் சான்றாகாது.

விலை: நகலின் விலை மூலத்தின் விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு, சில இடங்களில் அதற்கும் குறைவு.

அவென்டஸின் வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளுக்கிடையே கூட மணம் சற்று மாறுபடுவதாக ஆர்வலர்கள் நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர். சிலவற்றில் பழ மணமும் சிலவற்றில் புகை மணமும் மேலோங்கியிருக்கும் என்பர். அவ்வாறாயின், "மூலத்தை ஒத்தது" என்னும் கூற்று எந்தத் தொகுதியைக் குறிக்கிறது என்ற கேள்வி எழுகிறது.

விலை வேறுபாட்டின் காரணங்கள்

மூலத்தின் விலையில் பெரும்பகுதி குப்பிக்குள் இருக்கும் திரவத்துக்கு உரியதன்று. குப்பி வடிவமைப்பு, பெட்டி, நடிகர்களைக் கொண்டு செய்யப்படும் விளம்பரம், கடையின் பங்கு, ஆடை வடிவமைப்பாளரின் பெயரைப் பயன்படுத்துவதற்கான உரிமத் தொகை, வரி ஆகியவை அதில் அடங்கும். திரவத்தின் உள்ளடக்கச் செலவு பொதுவாக இவற்றினும் குறைவு.

எனினும் ஒரு செலவு பெரும்பாலும் கணக்கில் கொள்ளப்படுவதில்லை. புதிய மணம் ஒன்றை உருவாக்க வல்லுநர்கள் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில், பல நூறு மாதிரிகளைச் செய்து பார்த்துக் கைவிடுகின்றனர். சந்தைக்கு வரும் புதுத் திரவியங்களுள் பல தோல்வியடைகின்றன. நகலெடுப்போர் வெற்றி பெற்றதை மட்டுமே தேர்ந்தெடுப்பதால், இந்த உழைப்பையும் இழப்பையும் அவர்கள் ஏற்பதில்லை. நகலின் விலைக் குறைவுக்கு மலிவான பொருள்கள் ஒரு காரணம் என்றால், பிறர் ஏற்ற இச்செலவு மற்றொரு காரணம்.

மூலம் மாறுதல்

மூலத் திரவியமும் என்றென்றும் ஒரே தன்மையில் இருப்பதில்லை. தோல் ஒவ்வாமையை ஏற்படுத்தும் பொருள்களுக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்படும்போது கலவை திருத்தப்படுகிறது. ஓக் மரங்களில் வளரும் லைக்கன் ஒன்றின் சாற்றில் உள்ள அட்ரனால், குளோரோ அட்ரனால் ஆகியவை ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டன. அவற்றைக் கொண்ட பொருள்களைப் புதிதாகச் சந்தையில் இடுவது 2019 ஆகத்து முதலும், விற்பது 2021 ஆகத்து முதலும் நிறுத்தப்பட்டன. அல்லி வகைப் பூ மணத்துக்குப் பயன்பட்ட லிலியால் 2022 மார்ச்சு 1 முதல் தடை செய்யப்பட்டது.

பழைய திரவியங்கள் பல இதனால் தம் முந்தைய மணத்தை ஓரளவு இழந்தன. பழைய கலவையைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல் ஒன்று, இன்று கடையில் விற்கும் மூலத்தைவிடப் பழைய மூலத்தை ஒத்திருக்க வாய்ப்புண்டு. அதே வேளையில், தடை செய்யப்பட்ட பொருள் அந்நகலில் இன்னும் இருக்கக்கூடும் என்பதும் கருதத்தக்கது.

ஒப்பிடும் முறை

மூலத்தையும் நகலையும் ஒப்பிடுவோர் பெரும்பாலும் எது எது என்பதை அறிந்தே முகர்கின்றனர். இது முடிவைத் திரித்துவிடும். 2001 ஆம் ஆண்டில் ரேச்சல் ஹெர்ஸ், ஜூலியா வான் கிளெஃப் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், ஒரே மணப்பொருள் பாலாடைக்கட்டி என்று சொல்லப்பட்டபோது விரும்பப்பட்டது. வாந்தி என்று சொல்லப்பட்டபோது வெறுக்கப்பட்டது. பெயரே மணத்தை மாற்றும்போது, விலையும் புகழும் மாற்றாது என்று கொள்ள இயலாது.

உணவு, மணப்பொருள் ஆய்வுகளில் முக்கோணச் சோதனை என்னும் முறை பின்பற்றப்படுகிறது. இதில் மூன்று தாள் பட்டைகள் தரப்படும். இரண்டில் ஒரே திரவியமும் ஒன்றில் மற்றதும் இருக்கும். முகர்பவர் வேறுபட்ட பட்டையைக் கண்டறிய வேண்டும். வெறும் ஊகத்தாலேயே மூன்றில் ஒரு முறை சரியான விடை அமையும். எனவே 12 முறை செய்தால் குறைந்தது 8 முறை சரியாகக் கூறினால்தான் வேறுபாடு உண்மையில் உணரப்பட்டது எனப் புள்ளியியல் முறைப்படி கொள்ளலாம்.

ஒப்பீட்டின்போது பின்வருவன கவனிக்கப்படுகின்றன:

- பூசியவுடன், ஒரு மணி நேரத்தின் பின், ஆறு மணி நேரத்தின் பின் என மூன்று வேளைகளில் தனித்தனியே முகர்தல்.
- தாளிலும் தோலிலும் சோதித்தல். தோலின் வெப்பமும் எண்ணெய்ப் பசையும் ஆவியாகும் வேகத்தை மாற்றும்.
- அடுத்தடுத்துப் பல முறை முகராதிருத்தல். மூக்கு விரைவில் ஒரு மணத்துக்குப் பழகி, அதை உணராது போகும்.
- ஒருவருக்கு மேற்பட்டோர் முகர்தல். சிலருக்குச் சில கத்தூரிச் சேர்மங்களின் மணம் பிறவியிலேயே தெரிவதில்லை. அத்தகையோருக்கு வேறுபட்ட இரு திரவியங்கள் ஒன்றுபோலத் தோன்றலாம்.
- எண்ணெயில் கரைக்கப்பட்ட நகலை எத்தனாலில் கரைக்கப்பட்ட மூலத்துடன் ஒப்பிடும்போது, எண்ணெய் மெல்ல ஆவியாவதால் மணம் உடலை ஒட்டியே நிற்கும் என்பதைக் கருதுதல்.

சட்ட நிலை

புதிதாகக் கண்டறியப்பட்ட ஒரு மணச் சேர்மத்துக்குக் காப்புரிமை பெறலாம். ஆனால் முழுத் திரவியத்தின் கலவைக்கு நிறுவனங்கள் பொதுவாகக் காப்புரிமை கோருவதில்லை. அவ்வாறு கோரினால் கலவையை வெளிப்படுத்த வேண்டும். காப்பும் 20 ஆண்டுகளில் முடிந்துவிடும். ஆகவே கலவை வணிக மறைபொருளாகவே காக்கப்படுகிறது. ஒருவர் கடையில் வாங்கிய திரவியத்தைத் தாமே பகுத்தாய்ந்து அறிவதை மறைபொருள் சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை.

அமெரிக்காவில் ஷனெல் எண் 5 திரவியத்தின் நகலாக விளம்பரப்படுத்தப்பட்ட "செகண்ட் சான்ஸ்" தொடர்பான வழக்கில், காப்புரிமை இல்லாத ஒரு பொருளைப் படியெடுத்தவர், விளம்பரத்தில் மூலத்தின் பெயரை உண்மையாகக் குறிப்பிடலாம் என 1968 ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கூற்று உண்மையாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. வழக்கு கீழ்நீதிமன்றத்துக்குத் திரும்பியபோது, இரண்டும் சமம் என்ற கூற்றே உண்மையன்று என முடிவு செய்யப்பட்டது.

ஐரோப்பாவில் 2006 சூன் மாதத்தில் மூன்று நாள் இடைவெளியில் இரு எதிரெதிர்த் தீர்ப்புகள் வந்தன. சூன் 13 அன்று பிரான்சின் உச்ச நீதிமன்றம், திரவியத்தின் மணம் தொழில்திறனின் விளைவே என்றும், அதற்குப் பதிப்புரிமை இல்லை என்றும் கூறியது. சூன் 16 அன்று நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம், லங்கோம் நிறுவனத்தின் த்ரெசோர் என்னும் திரவியத்தின் மணத்துக்குப் பதிப்புரிமை உண்டு என்று கூறியது. கெகோஃபா நிறுவனத்தின் நகலில், த்ரெசோரின் 26 மணக்கூறுகளுள் 24 இருந்தமை அவ்வழக்கில் சான்றாகக் கொள்ளப்பட்டது. பின்னர் 2018 ஆம் ஆண்டில் ஐரோப்பிய நீதிமன்றம், பாலாடைக்கட்டி ஒன்றின் சுவை தொடர்பான வழக்கில், துல்லியமாகவும் புறவயமாகவும் வரையறுக்க இயலாத சுவைக்குப் பதிப்புரிமை இல்லை என முடிவு செய்தது. இது மணத்துக்கும் பொருந்தும் என்று பலர் கருதுகின்றனர்.

லோரியல் நிறுவனம் பெல்லூர் முதலியோர் மீது தொடுத்த வழக்கில் 2009 சூன் 18 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த நகல் எந்த மூலத்துக்கு உரியது எனக் காட்டும் ஒப்பீட்டுப் பட்டியலைக் கொண்டு விற்பது, வாங்குபவர் குழப்பமடையாத நிலையிலும், மூலத்தின் புகழைத் தகாத முறையில் பயன்படுத்துவதாகும் என்றது. இத்தீர்ப்பைப் பின்பற்ற வேண்டியிருந்த இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம், உண்மையைச் சொல்வதை இது தடுக்கிறது எனக் கருதி, 2010 இல் தயக்கத்துடனேயே அதை ஏற்றது. ஆகவே ஐரோப்பாவில் நகலை விற்பதற்கு இடமிருந்தும், அது எதன் நகல் என்பதை விற்பவர் வெளிப்படையாகச் சொல்வது கடினம்.

பாதுகாப்பு

நகல் என்பதனாலேயே ஒரு திரவியம் தீங்கானது ஆகிவிடாது. பதிவு பெற்ற நிறுவனங்கள், மூல நிறுவனங்கள் பின்பற்றும் அதே பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒவ்வாமை தரக்கூடிய 26 மணப்பொருள்களைப் பெட்டியில் குறிப்பிடுவது 2005 முதல் கட்டாயமாயிற்று. 2023 இல் இப்பட்டியல் 80-க்கும் மேற்பட்டதாக விரிவாக்கப்பட்டது.

இடர் மிகுதியாக உள்ளது, தயாரிப்பாளர் பெயரும் உட்கூறுப் பட்டியலும் இல்லாத பொருள்களிலும் போலிகளிலும் ஆகும். அவற்றில் எத்தனாலுக்குப் பதிலாக நச்சுத்தன்மையுள்ள மெத்தனால் கலந்திருந்தாலோ, தடை செய்யப்பட்ட சேர்மங்கள் இருந்தாலோ வாங்குபவரால் அறிய முடியாது. ஒவ்வாமையால் தோல் சிவந்தால், எந்தப் பொருளால் வந்தது என்பதை மருத்துவரும் எளிதில் கண்டறிய இயலாது. புதிய திரவியம் எதையும் முதலில் முன்கையின் சிறு பகுதியில் பூசி ஒரு நாள் பார்ப்பது பரிந்துரைக்கப்படுகிறது.

மாறுபட்ட கருத்துகள்

நகல்களை ஆதரிப்போர், எளிய வருவாயினரும் நல்ல மணத்தை நுகர இவை வழிசெய்கின்றன என்பர். மணம் யாருக்கும் தனியுடைமை ஆகாது என்றும், ஃபூஜேர், ஷீப்ர் போன்ற குடும்பங்களே ஒருவரை ஒருவர் பின்பற்றியதால்தான் தோன்றின என்றும் சுட்டுவர்.

எதிர்ப்போர், இசைக்கும் ஓவியத்துக்கும் உள்ள காப்பு மணத்துக்கு இல்லாதது நீதியன்று என்பர். வெளிவந்த சில மாதங்களிலேயே நகல் வந்துவிடுமானால், சிறு நிறுவனங்களும் தனித்து இயங்கும் வல்லுநர்களும் புதியதை முயலத் தயங்குவர் என்பது அவர்கள் வாதம். இயற்கைச் சாறுகளுக்கு மாற்றாகச் செயற்கைக் கலவைகள் மட்டுமே கேட்கப்படும் நிலை வந்தால், பூ பயிரிடுவோரின் ஏற்றுமதி வாய்ப்பும் குறையும்.

இவ்விரு தரப்பாரும் ஏற்கும் செய்தி ஒன்றுண்டு. சிறந்த நகலும் மூலத்தின் அடி மணத்தையே மிக நெருங்குகிறது. தொடக்கத்தின் இயற்கைத் தன்மையிலும், ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு மணம் மாறும் ஓட்டத்திலும் வேறுபாடு எஞ்சுகிறது. அருகில் நிற்பவர் உணர்வது பெரும்பாலும் நடு மணத்தையும் அடி மணத்தையுமே ஆதலால், அவருக்கு அவ்வேறுபாடு தெரியாமல் போகலாம். பூசிக்கொள்பவருக்குத் தெரியும்.

இவற்றையும் பார்க்க

- அத்தர்
- கத்தூரி
- மல்லிகை
- பச்சோலி
- வண்ணப்பிரிகை
- வணிகக் குறி
- பதிப்புரிமை